மக்சாத்தின் வண்டியில் இன்னொரு போன்

நூர்சாத் அந்தப் பெயரைப் பார்த்தது ஒரு சனிக்கிழமை. நாரின் சந்தையில் மாவு மூட்டை வாங்கிக்கொண்டு கணவனின் காரில் வீட்டுக்குத் திரும்பும்போது, தன் போனிலிருந்து பாட்டுக் கேட்கலாம் என்று வண்டியின் திரையைத் தட்டினாள். இதுவரை வண்டியோடு இணைந்த போன்களின் பட்டியல் விரிந்தது. முதலில் மக்சாத். அடுத்தது ஜிபார்.

"யாரு இது, ஜிபார்?"

"ஒரு பயணி. ஏதோ போட்டுக் கேட்டாங்க," என்றான் மக்சாத். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அதுதான் அவளை உறுத்தியது.

மக்சாத் மலையூரான நாரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றிப் போகும் கார் ஓட்டுகிறவன். ஆறு மணி நேரப் பயணம் என்பதால் வண்டியில் வைஃபை பெட்டி ஒன்று வைத்திருந்தான். அதற்காகவே அவனுடைய காரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. வாரத்தில் மூன்று நாள் எத்தனையோ பேர் ஏறி இறங்குகிற வண்டி. அதில் ஒரு பெண் பாட்டுக் கேட்டால் என்ன? நூர்சாத் தனக்குத்தானே இதை நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். ஞாயிறு முழுக்கத் தைத்ததில் இரண்டு மடிப்பு கோணலாகிப் போனது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். "நாளைக்கு நானும் பிஷ்கெக் வரேன். நூல் வாங்கணும்."

"இங்கேயே கிடைக்குமே."

"இந்த நிறம் கிடைக்கல."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். நூர்சாத் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்கும் கல்லூரி மாணவன் ஒருவனும், ஆட்டு வியாபாரி அசனாலியும் இருந்தார்கள். அசனாலி திங்கள்தோறும் இந்த வண்டியில் போகிறவர். நூர்சாத்தை 'அண்ணி' என்று கூப்பிட்டு, தன் மூன்றாவது மகனுக்குப் பெண் தேடும் கதையைத் தொலோன் கணவாய் தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். மக்சாத்தின் பார்வை அடிக்கடி வண்டியின் திரைக்குப் போய் வந்தது.

வழியில் கொச்கோர் ஊரின் வண்டி நிறுத்தத்துக்குள் கார் நுழைந்தது. அங்கே கூட்டம். ஏற வேண்டிய ஆள் இன்னும் கண்ணில் படவில்லை. அதற்குள் திரை பளிச்சென்று எரிந்தது. 'ஜிபார் இணைந்தது.'

மக்சாத்தின் கை ஒலிக்குமிழை நோக்கிப் பாய்ந்தது. அதற்கு முன்பே வண்டி முழுக்க ஒரு பெண் குரல் நிறைந்தது. "ஜோஷிம் ஹாசேயோ." பின்னர் கிர்கிஸில், "கவனமாக இருங்கள்." மறுபடியும், "ஜோஷிம் ஹாசேயோ."

மக்சாத்தின் உதடுகள் தானாக அசைந்ததை நூர்சாத் பார்த்தாள். குமிழைத் திருகி அணைத்தான்.

"ஏன்பா அணைச்சிட்ட? அண்ணி வந்திருக்காங்கன்னு இன்னைக்கு வகுப்புக்கு லீவா?" என்றார் அசனாலி. "அண்ணி, உங்களுக்குத் தெரியாதா? திங்கக்கிழமையானா இது வண்டி இல்ல, கொரியப் பள்ளிக்கூடம். எனக்கே பத்து வார்த்தை வந்திருச்சு. நான் கொரியா போயி ஆட்டையா விக்கப் போறேன்!"

யாரோ முன்கதவைத் திறந்தார்கள். கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண், வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறொருத்தி இருப்பதைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். "மன்னிச்சிருங்க அக்கா," என்று பின்பக்கம் போய் ஏறினாள். முப்பது வயது இருக்கும். குளிரில் வெடித்த கன்னங்கள். அழகி என்று சொல்ல முடியாது. அழகியாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது என்று நூர்சாத்துக்குத் தோன்றியது.

"நீங்க நூர்சாத் அக்காதானே? உங்களப் பத்தி நிறையச் சொல்லியிருக்கார்," என்றாள் ஜிபார்.

என்னைப் பற்றி இவளிடம் என்ன சொல்வதற்கு இருக்கிறது? நூர்சாத் பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று போனை எடுத்தாள். அதில் டேட்டா தீர்ந்திருந்தது. வண்டியின் வைஃபை பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு என்ன?" என்று மக்சாத்திடம் கேட்டாள்.

அவன் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஜிபார் எட்டு எண்களை மளமளவென்று ஒப்பித்தாள். கட்டின கணவனின் வண்டியில் நுழைய இன்னொருத்தி வழி சொல்ல வேண்டியிருக்கிறது. நூர்சாத் எண்களைத் தட்டவில்லை. போனைப் பைக்குள் போட்டு மூடினாள்.

பூம் பள்ளத்தாக்கில் தேநீர்க் கடை வந்ததும் மற்றவர்கள் இறைச்சி அடைத்த சம்சா தின்ன உள்ளே போனார்கள். கணவனும் மனைவியும் வண்டியருகே நின்றார்கள். ஆற்றுக் காற்று சுள்ளென்று அடித்தது.

"கொரியா போறீங்களா?"

"அங்க வேலைக்குப் போக மொழிப் பரீட்சை எழுதணும். தேறினாத்தானே போறது."

"எத்தனை மாசமாப் படிக்கிறீங்க?"

"அஞ்சு."

"அஞ்சு மாசம்! ஆட்டு வியாபாரிக்குத் தெரியுது, எனக்குத் தெரியல."

"தேறினதும் சொல்லலாம்னு இருந்தேன். முன்னாடியே சொன்னா நீ வேணாம்னுதான் சொல்லுவ."

"அவகிட்ட மட்டும் சொல்லத் தெரிஞ்சுதா?"

"அவளும் அதே பரீட்சைக்குத்தான் படிக்கிறா. பிஷ்கெக்ல பல் ஆஸ்பத்திரியில துடைக்கிற வேலை அவளுக்கு. படிக்க நேரமே இந்த வண்டியிலதான். வைஃபை இருக்கு, பாடத்தைப் போடலாமான்னு கேட்டா. நானும் கூடவே படிச்சேன்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாப் போறதா ஏற்பாடு."

"என்ன பேச்சு பேசுற நூர்சாத்? யாரை எந்த ஊருக்கு அனுப்புவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"அவ கையைப் பிடிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது," என்றாள் நூர்சாத். "என்கிட்டப் பேச வேண்டியதை அவகிட்டப் பேசியிருக்க நீ." கோபத்தில் 'நீங்க' போய்விட்டதை அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான்.

வண்டி மறுபடி கிளம்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு நூர்சாத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "பாடத்தைப் போடும்மா. நானும் கேக்குறேன்."

அன்றைய பாடம் ஓர் உரையாடல். ஆண், பெண் என்று மாறி மாறிப் பேச வேண்டும். எங்கே போகிறீர்கள்? ஊருக்குப் போகிறேன். யாருடன் போகிறீர்கள்? வழக்கமாக மக்சாத் ஆணுக்குப் பேசுவான், ஜிபார் பெண்ணுக்கு. ஜிபார் வாயைத் திறக்குமுன் நூர்சாத் பெண்ணின் வரியைச் சொல்லிவிட்டாள். உச்சரிப்பு கண்றாவியாக இருந்தது. மறுபடியும் சொன்னாள். ஜிபார் விட்டுக்கொடுத்தாள். அப்படி விட்டுக்கொடுத்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகு, கடையில் திங்கட்கிழமை விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு, வாரம் தவறாமல் நூர்சாத் அந்த வண்டியில் போனாள். கொரியாவுக்குப் போகும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. அந்த இருவரும் ஒரே உரையாடலில் தனியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். போகாத நாட்களில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போனை நிறுத்திவைத்து அதே பாடங்களைக் கேட்டாள். அவள் அறியாத ஒரு சொல்லை அவர்கள் வண்டியில் சொல்லிச் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக, அடுத்த பாடத்தையும் முன்கூட்டியே படித்தாள். ஜிபார் சில நாள் கொண்டுவரும் ரொட்டியை மற்றவர்களோடு பங்கு போட்டுத் தின்றாள். சந்தேகம் கேட்டால் ஜிபார் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். அவளை வெறுப்பது நாளுக்கு நாள் சிரமமாகிக்கொண்டு வந்தது. இருந்தாலும் நூர்சாத் விடாமல் முயன்றாள்.

வசந்தத்தில், அந்த இருவரையும் தனியே விட மனமில்லாமல் நூர்சாத்தும் சேர்ந்துகொள்ள, மூவருமே பரீட்சை எழுதினார்கள். முடிவும் ஒரு திங்கட்கிழமை, வண்டியில்தான் வந்தது. பூம் பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விட்டது. மூன்று போன்களிலும் முடிவுப் பக்கம் பாதி திறந்தபடி சுற்றிக்கொண்டே இருந்தது. "முடிவு வர்றதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்துடுவான் போல," என்றார் அசனாலி. பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் வைஃபை பெட்டியின் விளக்கு பச்சையானது. மக்சாத் வண்டியை ஓரங்கட்டினான்.

ஜிபார் தேறியிருந்தாள். நூர்சாத் அவளைவிட இருபது மதிப்பெண் அதிகம் வாங்கித் தேறியிருந்தாள். மக்சாத் தன் போனை மூன்று முறை அணைத்துத் திறந்து பார்த்தான். கேட்டல் பகுதியில் தேறுவதற்கு ஏழு மதிப்பெண் குறைவு.

"அண்ணி போறாங்க, அண்ணன் வண்டி ஓட்டுறார்! நல்லாயிருக்கே!" என்று அசனாலி கைதட்டினார். பிறகு மக்சாத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை திரும்பும் வழியில் மக்சாத் கேட்டான். "உண்மையிலேயே போவியா?"

"தெரியல. தேறுவேன்னு யார் நினைச்சா?"

"அங்க உன் கூட யார் யாரு வேலை பாப்பாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆம்பளைங்களும் இருப்பாங்கதானே."

நூர்சாத் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இந்த நாளுக்காக ஏங்கியிருக்கிறோம் என்று நினைத்தாள். அவனுக்கும் வலிக்கட்டும் என்று எத்தனை முறை வேண்டியிருப்பாள். இப்போது அவன் கழுத்து நரம்பு புடைத்திருப்பதைப் பார்க்கையில் சந்தோஷம் வரவில்லை. அந்த வலி எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கு அத்துப்படி. கையை நீட்டி அவன் தோளில் வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை.

செப்டம்பரில் அவள் போனாள். தேகு நகரத்தில் ஒரு துணி ஆலை. ஜிபாருக்கு வேறொரு நகரத்தில் கிடைத்தது. மக்சாத் அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு, திங்கள்தோறும் அசனாலியை வைத்துக்கொண்டு பாடம் படித்தான்.

ஒரு திங்கட்கிழமை மதிய உணவு இடைவேளையில் நூர்சாத் கூப்பிட்டாள். காரின் ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்ததும் பயணிகள் எல்லோரும் நலம் விசாரித்தார்கள். அவளுக்குப் பின்னால் ஓர் ஆண் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"யாரு அது?" என்றான் மக்சாத், சாலையைப் பார்த்தபடி, ரொம்பச் சாதாரணமாக.

"மேஸ்திரி. அறுபது வயசு. எல்லாரையும் பாத்துச் சிரிப்பார்." அவள் சற்று நிறுத்தினாள். வண்டிக்குள் ஒரு பெண் மெல்ல இருமியது கேட்டது. "சரி, முன் சீட்டுல யாரு உக்காந்திருக்கா?"

மக்சாத் சொன்னான். அவள் நம்பினாள், பாதிதான்.