ஜன்னல் பக்கக் கன்னம்

பேருந்து ஓட்டுநரின் முகத்துக்கு இரண்டு வெவ்வேறு வயது சொல்லலாம். இடது கன்னம் ஐம்பதைத் தொடவில்லை. வலது கன்னம் ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. அவர் ஓட்டும் வண்டியில் ஸ்டியரிங் வலது பக்கம், அதை ஒட்டி ஜன்னல். வெயிலில் இரண்டு விதமான கதிர்கள் மேலே படும். ஒன்று தோலைச் சுட்டுச் சிவக்கவைப்பது. அதைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். இன்னொன்று சுடாது. அது கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து, தோலுக்கு அடியில் மெத்தை ஸ்பிரிங் போலத் தாங்கிக்கொண்டிருக்கும் நார்களைச் சத்தமில்லாமல் பதம் பார்க்கும். சுட்டிருந்தால் மனிதர் உஷாராகியிருப்பார். சுடாததால், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் பகல் முழுக்க வலது கன்னத்தை ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக் கண்ணாடியை அவர் சவரத்துக்கு மட்டும்தான் பயன்படுத்துவார். எங்கே வெட்டு விழுகிறது என்று பார்ப்பாரே தவிர, முகத்தைப் பார்த்ததில்லை. நர்ஸாக இருந்த மனைவி ஒப்பந்த வேலைக்கு வெளிநாடு போன பிறகு, வீடியோ காலில்தான் தன் முகத்தை முழுசாகப் பார்த்தார். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள், யாரோ இரண்டு பேரை ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து மனைவிக்கு இடது கன்னத்தை மட்டுமே காட்டிப் பேசினார். வருஷக் கடைசியில் அவள் திரும்பி வருவதற்குள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆகிவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு அப்போது இல்லை.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். வெயிலில் சுருங்கிய கன்னத்துக்கு என்ன பூசலாம் என்று அவளிடம்தான் கேட்டார்.

"யாருக்குப்பா?" என்றாள்.

"டிப்போவுல ஒருத்தனுக்கு."

மகள் அவருடைய வலது கன்னத்தைப் பார்த்தாள். "சரி, அந்த ஒருத்தன்கிட்ட சொல்லுங்க. காலையில முகம் கழுவிட்டு மாய்ஸ்சரைசர், அதுக்கு மேல சன்ஸ்கிரீன். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை சன்ஸ்கிரீனை மறுபடி போடணும். ராத்திரி ரெட்டினால்னு ஒரு க்ரீம், பட்டாணி அளவு. பட்டாணின்னா பட்டாணிதான், எலுமிச்சம்பழம் இல்ல. முதல்ல வாரத்துக்கு ரெண்டு ராத்திரி போதும்."

"அது என்ன செய்யும்?"

"தோல் தன்னைத்தானே புதுசாக்கிக்கிட்டேதான் இருக்கும். வயசானா அந்த வேலை மெதுவாயிடும். இந்த க்ரீம் பின்னாடி நின்னு விரட்டும். ரொம்ப விரட்டினா உரிஞ்சு வந்துடும். பலன் தெரிய மாசக்கணக்காகும்ப்பா."

"அவ்வளவு நாள் அவன்கிட்ட இல்லையே," என்றார் ஓட்டுநர்.

அவர் யோசித்த விதம் வண்டிக்காரர் யோசிக்கும் விதம். தேய்ந்தது வலது டயர். அதற்காக நான்கையும் யாராவது மாற்றுவார்களா? டயராக இருந்தால் வலதை இடதுக்கு மாற்றிப் போட்டுக் காலத்தை ஓட்டலாம், கன்னத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே முழு முகத்துக்கான க்ரீமை வலது பக்கம் மட்டும், தினமும், தாராளமாகப் பூசினார். சன்ஸ்கிரீன் பிசுபிசுவென்று இருந்ததால் அதை விட்டுவிட்டார்.

ஒரு வாரத்தில் வலது கன்னம் தக்காளியாகச் சிவந்தது. அடுத்த சில நாட்களில் பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோல உதிர ஆரம்பித்தது. ஸ்டியரிங்கில் செதில் விழுந்தது.

அவருடைய நடத்துனருக்குச் 'சில்லறை' என்று பட்டப்பெயர். அவன் வண்டியைச் சுற்றி வந்து, இரண்டு பக்கமும் நின்று பார்த்தான்.

"அண்ணே, இந்தப் பக்கம் பாத்தா மாப்பிள்ளை. அந்தப் பக்கம் பாத்தா மாப்பிள்ளையை அடிச்ச இடம்."

"விசிலை ஊதுடா."

"ஊதுறேன். எதுக்கும் அண்ணிகிட்ட அடி விழுந்த பக்கத்தைக் காட்டாதீங்க."

அவனுடைய யோசனைகளில் ஓட்டுநர் கேட்டு நடந்தது இது ஒன்றுதான். அதன் பிறகு வீடியோ காலில் காது தெரியும் அளவுக்குத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்களேன்," என்றாள் மனைவி.

"அந்தப் பக்கம் வெளிச்சம் இல்ல."

"தண்ணி குடிச்சா வாயோரமா வழியுதா?"

"எதுக்கு வழியணும்? நான் என்ன குழந்தையா?"

மனைவி அழைப்பைத் துண்டித்தாள். மறுநாள், வருஷக் கடைசி வரை காத்திருக்கப்போவதில்லை, அடுத்த மாதமே லீவில் வருகிறேன் என்று செய்தி அனுப்பினாள்.

அதன் பிறகு டிப்போவில் ஒருத்தன் என்ற பேச்சே எழவில்லை. நேராக மருந்துக்கடைக்குப் போய் மகளிடம் கன்னத்தைக் காட்டினார். அவள் ரெட்டினாலை நிறுத்தச் சொன்னாள். எரிச்சல் அடங்கும்வரை மாய்ஸ்சரைசர் மட்டும். அடங்கிய பிறகு பட்டாணி அளவு, முகம் முழுக்க, வாரத்துக்கு இரண்டு ராத்திரி. சன்ஸ்கிரீன் எல்லா நாளும். இந்த முறை அவர் சொன்னபடி கேட்டார். ஒவ்வொரு டெர்மினஸிலும் இன்ஜினை அணைத்துவிட்டு, பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி சன்ஸ்கிரீன் தடவினார். பயணிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்பு போய்விட்டது. உதிர்வதும் நின்றுவிட்டது. சுருக்கம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு மாதத்தில் அது அவ்வளவுதான் கேட்கும்.

விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போனார். பின் சீட்டில் வலது ஓரத்தில் உட்கார்ந்துகொண்டால் மனைவிக்கு இடது கன்னம்தான் தெரியும் என்பது கணக்கு. அவள் வந்தாள், இளைத்திருந்தாள். அவர் பெட்டிகளைப் பின்னால் அடுக்கிவிட்டு, இடது கதவை மரியாதையாகத் திறந்துவிட்டார். அவள் வண்டியைச் சுற்றிப் போய் வலது கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

"அங்க வெயில் அடிக்கும்," என்றார்.

"அடிக்கட்டும். ஏறுங்க."

ஏறினார். வண்டி கிளம்பியது. அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவருடைய வலது கன்னத்தையே பார்த்தாள். வார்டில் நோயாளியைப் பார்க்கும் பார்வை அது.

"புருவத்தைத் தூக்குங்க."

"என்னது?"

"தூக்குங்க. ரெண்டையும்."

தூக்கினார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னாள், மூடினார். விரலால் இமையைத் திறக்கப் பார்த்தாள், திறக்கவில்லை. கன்னத்தை உப்பவைக்கச் சொன்னாள், பல்லைக் காட்டச் சொன்னாள். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

"இப்ப சொல்லுங்க. இந்தப் பக்கத்தை ஏன் இத்தனை நாள் மறைச்சீங்க?"

அவர் சொன்னார். ஜன்னல், வெயில், கதிர், க்ரீம், பட்டாணி எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கடைசிவரை கேட்டாள். "முகவாதம்னு நினைச்சேன்," என்றாள். "வாய் கோணிப்போச்சு, எனக்குத் தெரியக்கூடாதுன்னு மறைக்கிறீங்கன்னு. நம்ம பொண்ணு ஒண்ணும் இல்லைன்னு சொன்னதையும் நம்பலை. சூப்பர்வைசர்கிட்ட சண்டை போட்டு லீவு வாங்கிட்டு வந்திருக்கேன். ஃப்ளைட்ல ஒரு வாய் சாப்பிடலை."

அவள் ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லடி. நரம்பெல்லாம் நல்லா வேலை செய்யுது. வயசாயிருக்கு, அவ்வளவுதான்."

ஃபோனை வைத்ததும் ஓட்டுநர் மெதுவாகக் கேட்டார். "எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம் என்ன?"

"வயசானது."

அவள் அவருடைய தாடையைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் திருப்பினாள், பொறுமையாகப் பார்த்தாள்.

"ரெண்டும்தான்," என்றாள்.

அவர் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.