கொழுப்பின் இடப்பெயர்வு

"எங்கடை பரம்பரையிலை ஒருத்தருக்கும் ஓமோன் இருந்ததில்லை."

புத்தூர்ப் பரமலிங்கம் இப்படி அறிவித்ததும் கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"ஐயா, அது எல்லாருக்கும் இருக்கு."

"இருக்கலாம். நாங்கள் பாவிக்கிறேல்லை."

வந்தது மனைவி மீனாம்பிகைக்காக. மாதவிடாய் நின்றபின் அவருக்குக் கை, கால் எல்லாம் பழையபடி இருக்க, வயிறு மட்டும் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. இரத்தத்தில் சீனி எல்லையில் நின்றது. சீனி வருத்தத்தால் போன வருடந்தான் மீனாம்பிகையின் தங்கைக்கு ஒரு பாதத்தை எடுத்திருந்தார்கள்.

"ஈஸ்ட்ரஜன் எண்ட ஓமோன் குறைஞ்சால் இப்பிடித்தான் அம்மா," என்றார் டொக்டர். "இடுப்பிலை, தொடையிலை இருந்த கொழுப்பு இடம்பெயர்ந்து வயித்துக்கு வந்திடும். சீனியைக் கூட்டுறதும் அதுதான்."

இடப்பெயர்வு என்றால் என்னவென்று, போர்க்காலத்தில் ஊரைவிட்டு ஓடிய மீனாம்பிகைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அப்ப மீள்குடியேற்றம் எப்ப, பிள்ளை?"

"முழுக்கத் திரும்பிப் போகாது. ஒவ்வொரு நாளும் நடவுங்கோ. கொஞ்சமாவது குறையும்."

பஸ்ஸில் பரமலிங்கம் தீர்ப்புச் சொன்னார். "கொழுப்பென்ன சனமே, இடம்பெயர? எல்லாம் சோறும் மத்தியான நித்திரையும்."

மீனாம்பிகை சோற்றைப் பாதியாக்கினார். நித்திரையை விட்டார். வயிறு அசையவில்லை. ஆகவே நடக்கத் தொடங்கினார்.

புத்தூரில் வேலையில்லாமல் நடப்பதற்கு வசதி கிடையாது. வேலிக்கு வேலி ஒரு "எங்கை போறியள்?" நிற்கும். வயிறு குறைக்கப் போகிறேன் என்று ஒரு பெண் எப்படிச் சொல்வது? "கடைக்கு," என்றார். மறுநாள் பொய்க்குச் சாட்சியாகப் பையையும் எடுத்துப்போனார்.

"வெறும் பையோடை ஊர்வலம் போறாய். அதுக்குள்ளை முழுக்கப் பொய்," என்று சிரித்தார் பரமலிங்கம். "நான் செத்தாலும் ஒருத்தனுக்குப் பொய் சொல்லன்."

பக்கத்துத் தோட்டக்கார ஏரம்பு ஒருநாள் படலையில் நின்று அக்கறையாக விசாரித்தார். "அக்கா பையோடை போறா, வெறும் பையோடை வாறா. ஆளுக்கு மறதி ஏதும் வந்திட்டுதோ, அண்ணை?"

இரண்டு நாளில் ஒழுங்கை முழுவதும் மீனாம்பிகைக்கு மறதி வருத்தம். கண்டவர்கள் எல்லாம் அவரிடம் தங்கள் பெயரைச் சொல்லி அறிமுகமானார்கள். அவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த சோதனையில் சீனி எல்லையைத் தாண்டியிருந்தது. தினமும் குளிசை விழுங்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து மீனாம்பிகை கதிரையில் இருந்தார். "சோத்தைக் குறைச்சன். நடந்தன், விசரியாக்கிப் போட்டாங்கள். என்ரை வயிறு, என்ரை சொல்லுக் கேக்குதில்லை. இனி நான் என்னத்தைச் செய்ய? சொல்லுங்கோவன்."

பரமலிங்கம் "சோறு" என்று தொடங்கப் பார்த்தார். மனைவியின் பாதங்களைப் பார்த்தார். இரண்டும் இருந்தன.

அடுத்த நாள் பின்னேரம் சேட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"வா."

ஒழுங்கை முடக்கில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த ஏரம்பு நிமிர்ந்தார். "ரெண்டுபேருமா எங்கை, அண்ணை?"

பரமலிங்கம் தொண்டையைச் செருமினார். "தபால் கந்தோருக்கு."

"இண்டைக்கு ஞாயிறெல்லோ? பூட்டியிருக்குமே."

"ஓம்," என்றார் பரமலிங்கம் மெதுவாக. "பூட்டியிருக்கோ எண்டு பாத்திட்டு வரத்தான்."

மீனாம்பிகை சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு முன்னால் நடந்தார்.