பிறிஜெற் பாண் சாப்பிடவில்லை

சீலியாக் நோய் என்று தெரிந்த நாளிலிருந்து பிறிஜெற் கோதுமையைத் தொடவில்லை. கோதுமையிலுள்ள குளூட்டன் அவளுடைய குடலைப் புண்ணாக்குகிறது என்று வைத்தியர் சொன்னதும், கொட்டாஞ்சேனை வீட்டுக்குள் பேக்கரிப் பாண் வருவது நின்றது. கணவன் சாந்தன் தனக்குப் பாண் வேண்டுமென்றால் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வருவான். அரிசிமாப் பிட்டிலும் இடியப்பத்திலும் அவள் தேறினாள். கன்னத்தில் சதை பிடித்தது.

அடுத்த வருடம் எல்லாம் திரும்பி வந்தது. வயிற்றோட்டம், வயிறு ஊதல், களைப்பு. அவள் வேலை செய்யும் வெள்ளவத்தைப் புடவைக்கடையில், சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தது.

"எங்கேயோ கோதுமை சாப்பிடுறீங்க," என்றார் வைத்தியர், நிமிர்ந்து பார்க்காமலே.

சாந்தன் பக்கத்தில்தான் இருந்தான். இல்லை என்று அவன் சொல்லாததுதான் அவளுக்கு உறைத்தது.

ஒரு ஞாயிறு காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது, அவன் அவளுடைய கைப்பையைத் துழாவிக்கொண்டு நின்றான்.

"பேஸ்ட்ரி ஏதும் இருக்கோ எண்டு பாக்கிறீங்களோ?"

அவன் பையை மூடினான். "நாளுக்கு நாள் மெலிஞ்சுகொண்டு போறீர். நான் என்னத்தை நினைக்கிறது?"

"நான் சொல்லுறதை நினைக்கலாம்."

அன்று முழுக்க அவள் அவனோடு கதைக்கவில்லை. அந்த வாரமே பரிசோதனை முடிவுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, வெள்ளவத்தையில் ஷஹீமா என்ற வேறொரு வைத்தியரிடம் போனாள். கூப்பிடாமலே சாந்தனும் கூட வந்தான்.

ஷஹீமா நிதானமாகப் படித்தார். "ப்ளட் ரிப்போர்ட் நல்லா இருக்கு. தொடர்ந்து கோதுமை சாப்பிடுற ஆளுக்கு இப்பிடி வராது. இது வேற ஏதோ. மலத்தை டெஸ்ட் பண்ணிப் பாப்பம்."

முடிவு வந்தது. ஜியார்டியா. குடலில் ஒட்டி வாழும், கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி.

"கொதிக்க வைக்காத தண்ணியில வந்திருக்கலாம். இதுவும் சீலியாக் மாதிரியேதான் காட்டும், அதனால எல்லாரும் சாப்பாட்டைத்தான் சந்தேகப்படுவாங்க. மருந்து எடுத்தா போயிரும்."

வயிற்றுக்குள் கிருமி இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் தானாகத்தான் இருக்கும் என்று பிறிஜெற் நினைத்தாள். சிரிக்கத்தான் போனாள், கண் கலங்கிவிட்டது.

ஷஹீமா சாந்தனையும் பரிசோதிக்கச் சொன்னார். ஒரு நோய்க்குறியும் இல்லாத அவனுடைய குடலிலும் அது இருந்தது. இருவரும் ஒன்றாகவே குளிசை போட்டார்கள்.

"வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரிக் கிடக்கு," என்றான்.

"எனக்கும்தான்."

அவன் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "உம்மை நான் நம்பியிருக்க வேணும், பிறிஜெற்."

"ஓம். வேணும்." தன் கோப்பையையும் கீழே வைத்துவிட்டு, "கோவம் இன்னும் போகேல்லை," என்றாள். "போகும்."

மருந்து முடிந்து சில வாரங்களில் வயிறு அடங்கியது. ஒரு மத்தியானம் சாந்தன் சோறும் மீன்குழம்பும் பரிமாறினான். அவள் தட்டைக் காலியாக்கிவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு இன்னும் பசித்தது.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ," என்றாள்.