நிறுத்து வை

ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி அப்துல் கையூம். ராத்திரி ஷிப்ட்டுக்குப் பொறுப்பான அக்மல், பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றவன். தராசுக்காரர் மொக்கைச்சாமி. ஜன்னலுக்கு வெளியே எடை போட்டு அடுக்கிய ஆட்டுத்தோல். அது ஆள் கணக்கில் சேராது, ஆனால் பேச்சு அதைப் பற்றித்தான்.

முந்தின நாள் மாலை, இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா வரியை ஏற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. இந்த ஷாப்பின் தோலில் செருப்பு தைத்து அங்கே அனுப்பும் கம்பெனி உடனே ஆர்டரைத் தள்ளிப்போட்டது. கையூம் அக்மலுக்குப் போன் செய்து, வருகிற தோலை நிறுத்தி வைக்கச் சொன்னார். லாரியிலிருந்து இறக்காதே என்று அர்த்தம். அவர் தினமும் சொல்வது வேறு: நிறுத்து வை, அதாவது எடை போட்டு வை. இங்கே தராசில் ஏறிய தோல் வாங்கின தோல். திருப்ப முடியாது.

அக்மலின் காதில் தினமும் கேட்பதுதான் விழுந்தது. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓடும் சத்தம் ஒரு காரணம். பேச்சை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அதே திரையில் அமெரிக்கச் சந்தை சரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொன்று. அந்தச் செருப்புக் கம்பெனிப் பங்கை அவன் வாங்கி வைத்திருந்தான். காதில் விழுந்ததையே மொக்கைச்சாமியிடம் சொன்னான்.

காலையில் பங்கு விழுந்தது, ரூபாய் விழுந்தது, தோல் விலையும் விழுந்தது. தோல் பதனிட டாலரில் வாங்கும் குரோம் உப்பு மட்டும் ஏறியது. அடுக்கிய தோல் நேற்றைய விலையில் கிடந்தது.

“அரபிலயா சொன்னேன்? தமிழ்லதானப்பா சொன்னேன்” என்றார் கையூம். யார் தப்பு என்று தெரிய வேண்டும், அந்த ஆள் இனி வர வேண்டாம் என்றார்.

மொக்கைச்சாமி அக்மல் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க தம்பி. நிறுத்து வையின்னுதான சொன்னீங்க?”

“இல்லண்ணே. நிறுத்தி வைங்கன்னேன்.”

‘தி’யை அழுத்திச் சொன்னான் அக்மல். ராத்திரி அந்த எழுத்து அவன் வாயில் வரவே இல்லை.

“இம்புட்டுத் தெளிவா ராத்திரியே சொல்லியிருக்கலாம்ல தம்பி” என்றார் மொக்கைச்சாமி. கையூம் சிரித்துவிட்டார். மொக்கைச்சாமியின் வேலை அதோடு முடிந்தது.

கேட் சாவி அக்மலிடம் இருந்ததால் அவனும் மொக்கைச்சாமி கூடப் போனான். சமையல் எண்ணெய் மறுபடி ஏறிவிட்டதென்று வீட்டில் மனைவி பேச்சாயி நேற்றுதான் புலம்பினாள், இனி இதை வேறு அவளிடம் சொல்ல வேண்டும் என்று மொக்கைச்சாமி நடந்துகொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அக்மலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரும்பிப் போய் ஒரே ஒரு எழுத்தை மாற்றிச் சொன்னால் போதும். ஆபீஸ் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. அவன் சாவியைத் தேடுவதுபோல் பைக்குள் கையை விட்டான்.

தினமும் “வாரேன் தம்பி” என்கிறவர் அன்று “போறேன் தம்பி” என்றார். கேட்டில் இருந்த சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே போனார்.

அக்மல் கதவைச் சாத்திப் பூட்டினான்.