கல் தெறிக்காத வழி

"வண்டிய எடுங்கப்பா மொதல்ல! பொட்டி எப்பிடி உள்ள வரும்?"

கண்ணாடிப் பெட்டியின் ஒரு முனையைத் தோளில் தாங்கியபடி கத்தினார் கோதண்டம். இறந்துபோன பச்சைமுத்துவின் தம்பி அவர். வாசலில் தகரக் கொட்டகை. கொட்டகையின் நடுவே உறை போர்த்திய மோட்டார் சைக்கிள். உள்ளே பாயில் பிணம். பிணத்துக்கும் பெட்டிக்கும் இடையே வண்டி நின்றது.

பச்சைமுத்துவின் மகன் செழியன் ஓடிவந்து உறையை உருவினான். ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை ஓரமாகத் தள்ளினான். தூக்கி வந்தவர்கள் தடுமாறியதில் பெட்டியின் இரும்புக் கால் வண்டியின் பக்கம் சாய்ந்தது. அந்த நொடியில் அவன் இடக்கை, அவனைக் கேளாமலே, பெட்ரோல் டேங்கின் மேல் போய் அகல விரிந்தது. இரும்பு அவன் புறங்கையைக் கீறிக்கொண்டு போயிற்று. டேங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிலைப்படியில் நின்ற அவன் மனைவி வெண்மதி அதைப் பார்த்தாள். பார்த்த கண்ணை உடனே தாழ்த்திக்கொண்டாள். அறியாத வீட்டில் அறியாமல் எட்டிப் பார்த்துவிட்டவளைப் போல் அவள் முகம் சுட்டது.

அந்தக் கொட்டகை பச்சைமுத்துவின் கட்டில் கிடந்த இடம். வண்டி வந்த அன்று, யாரும் சொல்லாமல், அவரே கட்டிலைத் தூக்கிக் கொல்லைப் பக்கம் போட்டுக்கொண்டார். "எனக்கு இன்னாம்மா, மரத்தடில காத்து நல்லா வருது" என்றார் மருமகளிடம்.

அவர் மகிழ்ந்துதான் சொன்னார். வாலிபத்தில் வாடகை சைக்கிளை மிதித்து வந்தவர், ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். அதே தெருவில் தன் மகன், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காலைத் தரையில் ஊன்றாமல் போவதைக் காண அவர் தெருமுனையில் போய் நிற்பதுண்டு. ஓர் இயந்திரம் அவருக்கு வாங்கித் தந்த நியாயம் அது. யார் அதைக் குறைசொல்ல முடியும்?

ஆனால் நியாயமாய் வந்தது, வந்த சில நாள்களிலேயே தெய்வமாகிவிட்டது. டேங்குக்குக் கண்ணாடி போன்ற ஃபிலிம். முன்சக்கரத்திலிருந்து கல் தெறிக்காமலிருக்க ரப்பர் மடல். இன்ஜினுக்கு அடியில் தகடு. பக்கவாட்டில் லெக் கார்டு கம்பி. துடைப்பதற்கென்று தனியே ஒரு மெத்துத் துணி. அதை வேறெதற்கும் எடுக்கக் கூடாது. பெல்ட் கொக்கி உரசக் கூடாது. சேற்றுக் காலோடு ஏறக் கூடாது. ஒருமுறை பச்சைமுத்து ஆசையாக டேங்கின் மேல் கை வைத்தபோது, "தொடாத நைனா! உன் கை சொரசொரன்னு இருக்குது, கோடு உழும்" என்றான் செழியன். கிழவர் கையை எடுத்துக்கொண்டு சிரித்தார். மனிதனைத் தொடாதே என்றது ஊர். வண்டியைத் தொடாதே என்றது வீடு. முன்னதைக் கேட்டுத் தலைகுனிந்தவர், பின்னதைக் கேட்டுப் பெருமைப்பட்டார்.

அந்தச் சிரிப்பை வெண்மதி பார்த்திருக்கிறாள். அவளும் கூடச் சிரித்திருக்கிறாள்.

நேற்று மாலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி அம்மாக்கண்ணு ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். வேர்வை நிற்கவில்லை என்றதும் அவளேதான் மகனைக் கூவி அழைத்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். வெளியே ஒரு கேஸுக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். செழியன் வண்டியை எடுத்தான். நடுவில் பச்சைமுத்து, பின்னால் அவரைத் தாங்கிப் பிடித்தபடி வெண்மதி.

செஞ்சி ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழி. ஏரிக்கரை வழியாகப் போனால் பக்கம். ஆனால் ரோடு போடுகிறேன் என்று ஜல்லியைக் கொட்டிப் பரப்பிவிட்டுக் காண்டிராக்டர் காணாமற் போயிருந்தார். மெயின் ரோடு சுற்று. ஆனால் கண்ணாடிபோல் வழவழப்பு.

வழி பிரியுமிடத்தில் செழியன் வண்டியை நிறுத்தினான். காலை ஊன்றினான். ஜல்லியைப் பார்த்தான். அவன் முகம் வெண்மதிக்குத் தெரியவில்லை, முதுகு தெரிந்தது. யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று காத்திருந்த முதுகு அது.

சொன்னவர் பச்சைமுத்து. மூச்சு ஒருபக்கம் இழுக்க, சொல் ஒருபக்கம் இழுக்க, சொன்னார்:

"ஜல்லி ரோடு வாணாண்டா... கல்லு தெறிக்கும். பெயிண்ட் பூடும். சுத்தினே போ."

வெண்மதியின் நாக்கில் ஒரு சொல் வந்து நின்றது. ஏரிக்கரையிலேயே போங்க என்ற சொல். அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் போன வாரம் அவள் செருப்பு பட்டு வண்டியின் பக்கத்தில் கீறல் விழுந்ததற்காக அவன் நாள்கணக்கில் அவளோடு பேசாமலிருந்தான். அந்த மௌனத்தின் நினைவு வந்தது. ஒரு கிழவரின் மூச்சையும் ஒரு புருஷனின் முகச்சுளிப்பையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தாள் அவள். பார்த்து முடிப்பதற்குள் வண்டி மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

அன்று அமாவாசை. அதை மூவருமே மறந்திருந்தார்கள். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக, கோட்டை மலையின் அடிவாரம் வரை அடைத்துக்கொண்டு நின்றன. ஜன்னல்களில் வேப்பிலை, கூரைகளில் மூட்டை, எங்கும் ஹாரன். பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் இடையே செழியன் வண்டியை நுழைத்தான், எடுத்தான், நின்றான், மீண்டும் நுழைத்தான். பச்சைமுத்துவுக்குக் குமட்டல் வந்தது. சீட்டில் பட்டுவிடக் கூடாதென்று தோள் துண்டைச் சுருட்டி வாயருகே ஏந்தி, அதிலேயே வாந்தியெடுத்தார். காலிரண்டையும் வண்டியில் உரசாமல் அகட்டித் தூக்கியே வைத்திருந்தார். அந்தக் கால்கள் தொய்ந்தபோதுதான் வெண்மதிக்குப் புரிந்தது. அவர் தலை மகனின் முதுகில் சாய்ந்தது. செழியன் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

"கொஞ்சம் முன்னாடி இட்டுனு வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

காலையில் பந்தலடியில் கோதண்டம் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"புள்ளன்னா இவன மாதிரி இருக்கணும்யா. ஜல்லில போனா நைனாவுக்குத் தூக்கித் தூக்கிப் போடும், மாரு வலிக்கும்னு சுத்தி இட்டுனு போயிருக்கான். எவனுக்கு வரும் அந்தப் புத்தி?"

"எல்லாம் விதி சித்தப்பா" என்றான் செழியன். அந்தக் காரணத்தை அவன்தான் இரவு சித்தப்பாவிடம் சொல்லியிருந்தான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு தன் தோளில் விழுந்ததைப் போல் வெண்மதி குறுகினாள். வசைக்கு வெட்கப்பட்டவர் உண்டு. பாராட்டுக்கு வெட்கப்படும்படி ஆனதே!

உச்சிவேளைக்கு முன் அமிர்தவல்லி வந்து சேர்ந்தாள். பச்சைமுத்துவின் மூத்த மகள், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். தெருமுனையிலிருந்தே மார்பில் அடித்துக்கொண்டு வந்து பெட்டியின் மேல் விழுந்தாள். அழுது தீர்ந்ததும் கேள்வி பிறந்தது.

"எப்பம்மா நோவுன்னு சொன்னாரு?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டினு வந்தாரு, குந்துனாரு... வாயுவா இருக்கும்னு ஓமத்தண்ணி வெச்சிக் குடுத்தேண்டி" என்றாள் அம்மாக்கண்ணு.

"ஓமத்தண்ணியா?" அமிர்தவல்லி நிமிர்ந்தாள். "மாரு நோவுதுன்னு சொன்ன மனுசனுக்கு ஓமத்தண்ணி காய்ச்சினு இருந்தியா? டாக்டரு இன்னா சொன்னாராம்? முன்னாடியே வந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு சொல்லல? நீதாம்மா எங்க நைனாவக் கொன்ட்ட!"

"பாவம், அதுக்கு இன்னாடி தெரியும், உடு" என்றாள் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள்.

"இந்தக் காலத்துல இது தெரியாதாக்கா? அரை டம்ளரு ஓமத்தண்ணில என் நைனா பூட்டாரே!"

அம்மாக்கண்ணு மறுக்கவில்லை. தன் இரு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அவை வேறொருத்தியின் கைகள் என்பதைப் போல் பார்த்தாள்.

"ஆமாண்டி. நான்தான். இந்தக் கையாலதான் காய்ச்சினேன்."

செழியன் நான்கடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வெண்மதி அவனைப் பார்த்தாள். அவன் பந்தல் காலைப் பார்த்தான்.

கொல்லையில், வேப்பமரத்தடிக் கட்டிலருகே, அவனைத் தனியே பிடித்தாள்.

"இன்னாங்க, அத்தை மேல பழி வுழுது. சொல்லுங்க."

"இன்னாத்த சொல்ல?"

"ஏரிக்கரைல ஏன் போவலன்னு."

"நைனாதான சுத்தினு போன்னு சொன்னாரு? நானா சொன்னேன்?"

"மாமா சொன்னாரு. கேட்டுக்கினது நாம."

அவன் முகம் கறுத்தது. "இப்பச் சொன்னா நைனா எழுந்து வந்துருவாரா? பொணத்த எடுக்கிற வரைக்கும் சும்மா இரு வெண்மதி. ஊரே கூடி இருக்குது. அசிங்கம்."

"மாமா வரமாட்டாருதான். அத்தை உயிரோட இருக்காங்களே."

அவன் புறங்கைக் கீறலில் ஈ ஒன்று உட்கார்ந்தது, அதை விரட்டினான், முன்பக்கம் போய்விட்டான். அவள் அங்கேயே நின்றாள். அவனைக் குற்றம் சாட்டுவது எளிது. வண்டி திரும்பிய அந்தத் திருப்பத்தில் தன் வாயை எது பூட்டியது என்று தன்னையே கேட்பதுதான் எளிதாக இல்லை. படித்தவள், பள்ளியில் மேடையேறிப் பெண் விடுதலை பேசிப் பரிசு வாங்கியவள். ஒரு சொல்லைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாயடைத்திருந்தவளுக்கு, மேடையில் சொன்ன ஆயிரம் சொற்களும் எதற்கு?

பிற்பகலில் எடுக்க ஏற்பாடாயிற்று. குளிப்பாட்டி, வேட்டி கட்டி, பச்சைமுத்துவைப் பந்தலுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். தாம்பாளத்தில் அரிசி வந்தது.

"வாய்க்கரிசி போடுறவங்க வாங்கம்மா. மொதல்ல சம்சாரம்" என்றார் கோதண்டம்.

குஞ்சம்மாள் கைத்தாங்கலாக அம்மாக்கண்ணுவை அழைத்து வந்தாள். அம்மாக்கண்ணு குனிந்து அரிசியை அள்ளினாள். கை வாயருகே போகும்போது, அமிர்தவல்லி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ போடாத. எந்தக் கையால குடுத்தியோ அந்தக் கையால நீ போடாத!"

அம்மாக்கண்ணு இழுத்துப் பறிக்கவில்லை. அள்ளிய அரிசியைத் திருப்பித் தாம்பாளத்திலேயே கொட்டப் போனாள்.

"அண்ணி, அத்தை கைய உடுங்க."

குரல் தன்னுடையது என்பதை வெண்மதி சற்றுக் கழித்துத்தான் உணர்ந்தாள். எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. இனி நிறுத்த முடியாது.

"அத்தை லேட் பண்ணல அண்ணி. வேர்க்குதுன்ன உடனே அத்தைதான் கூப்ட்டாங்க. நாங்கதான் லேட்டு. ஏரிக்கரைல போயிருந்தா சீக்கிரம் போயிருக்கலாம். ஜல்லி தெறிச்சி வண்டிக்குப் பெயிண்ட் பூடும்னு சுத்தினு போனோம். மாமாவே சொன்னாரு. அவரு சொன்னாலும் நாங்க கேட்டிருக்கக் கூடாது. நானும் பின்னாடி குந்தினுதான் இருந்தேன். வாயத் தொறக்கல."

கோதண்டத்தின் கையிலிருந்த தாம்பாளம் சற்றே சாய்ந்தது. காலையில் தோளைத் தட்டியவர் செழியனிடமிருந்து ஓரடி விலகி நின்றுகொண்டார். அந்த ஓரடியை வெண்மதி பார்த்தாள், செழியனும் பார்த்தான்.

முதலில் பேசியவள் அம்மாக்கண்ணு.

"பொய்யி" என்றாள். வெறிபிடித்தவளைப் போல் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள். "இவ பொய் சொல்றா. எனக்காவப் பொய் சொல்றா. எம்புள்ள அந்த மாதிரிப் புள்ள கெடயாது. கேளுங்க, அவனையே கேளுங்க. சொல்றா செழியா! இல்லைன்னு சொல்றா!"

மகனின் வண்டியைப் புருஷன் கல் தெறிக்காமல் காத்தார், மகனைப் பெண்டாட்டி சொல் தெறிக்காமல் காத்தாள்.

செழியன் வாயைத் திறந்தான். தாயின் முகத்தைப் பார்த்தான். இல்லை என்ற அந்த ஒரு சொல்லை அவள் கண்கள் அவனிடம் கெஞ்சிக் கேட்டன. அவன் தலை மெல்ல மெல்லக் குனிந்து, மோவாய் மார்பில் முட்டி நின்றது.

அமிர்தவல்லியின் பிடி தானாகத் தளர்ந்தது. தாயின் மணிக்கட்டில் அவள் விரல்கள் பதிந்திருந்த இடம் வெளுத்து, பிறகு சிவந்தது. அவள் தம்பியை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று வெண்மதிக்குத் தோன்றியது.

அம்மாக்கண்ணு கணவனின் வாயில் அரிசியைப் போட்டாள். பிறகு அமிர்தவல்லி. பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர்.

"புள்ள வாப்பா" என்றார் கோதண்டம். காலையில் குரலில் இருந்த பெருமை இப்போது இல்லை.

செழியன் வந்தான். அரிசியை அள்ளினான். அள்ளிய கை அங்கேயே நின்றது. மூடிய விரல்களின் இடுக்கு வழியே அரிசி ஒவ்வொன்றாக ஒழுகித் தரையில் விழுந்தது. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. யாரும் அவனருகே வரவுமில்லை.

அம்மாக்கண்ணு எழுந்தாள். மகனின் கையைத் தன் கையால் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு போய்த் தகப்பனின் வாயருகே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பாதி அரிசி வாயில் விழுந்தது. பாதி நரைத்த தாடியில் விழுந்தது.

தாம்பாளம் வெண்மதியின் முன்னால் வந்தது. அவள் புதிதாக அரிசி எடுக்கவில்லை. குனிந்து, தாடியில் சிக்கியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் வாயில் இடத் தொடங்கினாள்.