சீமோன் ஊர்வலத்துக்குப் போன நாள்

1.
இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அருள்மலர் அக்கா, ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது சொன்னது. “பேரை மாத்தும். அண்ணையைப் பயந்தாங்கொள்ளியா மட்டும் எழுதாதையும்” என்றார். எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டேன், அக்காவின் பெயரையும்.

2.
முதல் தொடக்கம்: ‘2025இல் பிரெஞ்சு அரசு கடனைக் குறைக்க ஒரு சிக்கனத் திட்டத்தை முன்வைத்தபோது…’ [வேண்டாம். செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது.]

இரண்டாவது: பாரிஸில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இருபத்தாறு வருடமாக வேலை செய்பவர் சீமோன். ஈஸ்டர் திங்கள் அவருக்கு விடுமுறை. கனடாவில் இருக்கும் தங்கை மலரும் அன்று லீவு போடுவாள். மற்ற நாட்களில் இருவரின் ஷிப்டும் ஒத்துவராது. அன்றைக்கு மட்டும் போனில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அரசு நிறுத்தப் பார்த்த இரண்டு விடுமுறைகளில் அந்தத் திங்களும் ஒன்று.

சனம் கொதித்தது. அரசே கவிழ்ந்தது. அடுத்து வந்தவர்கள் விடுமுறையில் கைவைக்க மாட்டோம் என்றார்கள். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் செப்டம்பர் பதினெட்டு அன்று சிக்கனத்தை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் நடத்தவிருந்த ஊர்வலத்துக்குத் தானும் போவதாகச் சீமோன் தங்கைக்குச் சொன்னார்.

“லீவைத்தான் திருப்பித் தந்திட்டாங்களே, அண்ணை. பிறகேன் போறியள்?”

“திங்களைத் தந்திட்டாங்கள். ஆஸ்பத்திரிக்கு ஆளைத் தரேல்லை, மலர். ஆறு பேர் செய்த வேலையை மூண்டு பேர் செய்யிறம்.”

3.
மலர் அப்படிக் கேட்டது பயத்தில்தான். அதற்குக் காரணம் உண்டு. நாற்பது வருடத்துக்கு முன் மன்னாரில், ஓர் ஊர்வலத்தில் வெடிச்சத்தம் கேட்டபோது, பதினேழு வயதுச் சீமோன் ஒன்பது வயது மலரின் கையை விட்டுவிட்டு ஓடினார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் நின்றதில்லை. இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதுமில்லை.

(இந்த மனிதரைப் பயந்தவராக எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் முதல் வரைவில் அவர் கையில் கொடியைக் கொடுத்து முன்வரிசையில் நடக்கவிட்டேன். வாசித்த அக்கா சிரித்துவிட்டார். “பேக்கரி வாசல்லதான் நிண்டவர், தம்பி. அவருக்கு முழங்கால் ஏலாது.”)

4.
பேக்கரி வாசல்தான். அஜக்ஸில் அப்போது காலை, மலர் ஒரு முதியவருக்குக் கஞ்சி ஊட்டி முடித்திருந்தாள். வீடியோ அழைப்பு வந்ததும் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திரையில் அண்ணனின் வியர்த்த முகம், பின்னால் மேளச் சத்தம். திடீரென்று கண்ணீர்ப்புகை எழுந்தது. ஆட்கள் சிதறி ஓடினார்கள். மலர், ஓடச்சொல்லிக் கெஞ்சினாள்.

சீமோன் ஓடவில்லை. அவரோடு வேலை செய்யும் ஒரு பெண் இருமியபடி சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் கையை இவர் பிடித்திருந்தார்.

“இவளை விட்டிட்டு வரமாட்டன்” என்றார். சற்று நேரம் இருமினார். பிறகு, “அண்டைக்கு உன்ர கையை விட்டிட்டன், மலர்” என்றார்.

5.
புகை கலைந்தது, சீமோன் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் புது ஆட்கள் இன்னும் வரவில்லை.

மலர் சொன்ன பதிலாக நான் மூன்று எழுதினேன். ஒன்றில் ‘அதை எப்பவோ மறந்திட்டன்’ என்கிறாள். இன்னொன்றில் அழுகிறாள். மற்றதில் லைன் அறுந்துவிடுகிறது. அக்கா என் பேனாவை வாங்கி மூன்றையும் வெட்டினார். உண்மையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “அது அண்ணைக்குச் சொன்னது” என்றார்.

ஆகவே என்னிடம் பதில் இல்லை. நாற்பது வருடம் கழித்து ஒருவர் உங்களிடம் அப்படிச் சொல்லியிருந்தால்? இந்த வரியை நீங்களே முடியுங்கள்:

“அண்ணை,