சக்கரவர்த்தியின் வாரிசு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். செத்தவரின் தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்தி மீது ஆணை. அந்த மெழுகுவர்த்தியில் பாதியை எலி தின்றுவிட்டது என்பதும் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் ஷெல்ட் ஆற்றங்கரையில் அந்த ஊருக்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் அடிப்பார்கள், அது வேறு விஷயம்.

ஒடீலின் வாய் மூடமாட்டேன் என்றது. சிடோனி கைக்குட்டையைத் தாடைக்கடியில் கொடுத்து உச்சந்தலையில் ஒரு முடிச்சுப் போட்டாள். வாய் மூடியது. ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சமிருப்பதுபோல உதடு ஒரு பக்கம் கோணிக்கொண்டது. மிச்சம் ஒன்றுமில்லை. விடியும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் மனிதர் போனார்.

"கமீலோட வெள்ளைநகக்காரி நாளைக்குப் பந்தயத்துல பிரான்ஸ் பூர்ஜ்ல இருந்து வர்றா. கூட்டுல குஞ்சு இருக்கு. முள்ளு முள்ளா இறகு முளைக்கிற குஞ்சு. அந்த நேரத்துல தாய்ப்புறா பறக்காதுடி, பாயும். அவ ஜெயிக்கக் கூடாது."

"சேசு நாமத்தைச் சொல்லுங்க. சாமியாரக் கூப்பிடவா?"

"கூப்பிடு. அவர்கிட்டயும் சொல்லு. ஜெயிக்கக் கூடாது."

கட்டிய புருஷனின் கடைசி வார்த்தை அது. நாத்தனார் எல்விரா வந்து, "அண்ணன் கடைசியா என்ன சொன்னாரு மதினி?" என்று மூக்கைச் சிந்தியபோது, "எல்லாரையும் மன்னிச்சுட்டேன்னாரு" என்றாள் சிடோனி. முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை.

டாக்டர் கல்லீரல் என்று சொல்லியிருந்தார். சிடோனிக்குத் தெரியும், அது கல்லீரல் இல்லை, கமீல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒடீல் ஓர் ஏலத்தில் பெரிய தலையும் அகன்ற மாருமாக ஒரு கருநீலப் புறாவை எடுத்து வந்தார். இடது காலில் ஒரே ஒரு நகம் மட்டும் வெள்ளை. பேர் சக்கரவர்த்தி. தன் சிறந்த பெட்டையை அதற்கு ஜோடி சேர்த்தார். வசந்தம் வந்ததும் கூட்டு மண்சட்டியில் முட்டைகள். ஊர் உலகத்தில் எந்த ஜோடியும் இரண்டு முட்டைதான் வைக்கும். சக்கரவர்த்தியின் சட்டியில் நாலு.

"நாலுடி! இரத்தம்னா இதுதான்!" என்று ஒடீல் சமையலறையில் குதித்தார். மற்ற முட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே கரு பிடித்த சிவப்பு நூல் ஓடுகிறதா என்று பார்க்கிற மனுஷன் இந்த நாலை மட்டும் தொடவில்லை. "சக்கரவர்த்தி வாரிசைப் போய்ச் சோதிக்கறதா? உனக்கு மரியாதை தெரியுமா?"

திருடர் பயத்தால் விஷயத்தை ஊரில் மூச்சுவிடவில்லை. அடுத்த வீட்டுக் கமீலுக்கு மட்டும் காட்டினார், வயிறெரியட்டும் என்று. மறு நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் விழுந்தது ஒடீல்தான். கூட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கமீலிடம் போயிற்று. கையளவு தூரத்தில் வீடு. பக்கத்து வீட்டுக்காரனை விட்டால் வேறு யார்?

திரும்பி வந்தபோது சட்டியில் இரண்டே குஞ்சு. வளர வளர இரண்டும் செம்புள்ளி போட்டுக்கொண்டு, அச்சு அசலாகக் கமீல் வீட்டுப் புறா மாதிரி மந்தமாக முழித்தன. அதே வசந்தத்தில் கமீலின் கூட்டில் ஒரு கருநீலப் பெட்டை வளர்ந்தது. இடது காலில் ஒரு வெள்ளை நகம். முதல் கோடையிலேயே வானத்தை வாரிச் சுருட்டியது.

முட்டையை மாற்றியவனை எந்தச் சட்டமும் பிடிக்காது. குஞ்சின் காலில் எவன் வளையம் மாட்டுகிறானோ புறா அவனுடையது. ஒடீல் கமீலோடு பேச்சை நிறுத்தினார். நடுவில் சுவர் எழுப்பினார். சுவர் ஏற ஏற மனிதர் இளைத்தார். அடுத்த வருஷம் சக்கரவர்த்தியின் முட்டைகள் ஒன்றும் பொரிக்கவில்லை. கமீலின் கண் பட்டுவிட்டது என்றார். இலையுதிர் காலத்தில் ஜோடிப் பெட்டையைப் பருந்து தூக்கிப் போனபின் சக்கரவர்த்தி வேறு எந்தப் பெட்டையையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "ஏகபத்தினி விரதன்" என்று ஒடீல் கண் கலங்கினார்.

இனி ஒன்றுதான் பாக்கி. மதுக்கடையில் கணப்புக்கு மேலே ஒடீலின் படம் தொங்குகிறது. அவர் பூர்ஜ் பந்தயத்தை ஜெயித்த வருஷம் எடுத்தது. இன்னொருவன் பூர்ஜை ஜெயித்தால் அது இறங்கும், அவன் படம் ஏறும். மண்ணுக்குள் போகுமுன் சுவரிலிருந்தும் போவதா என்று சிடோனி பல்லைக் கடித்தாள்.

ஞாயிறு காலை கமீல் பூசைக்குப் போன நேரத்தில் அவள் சுவரைச் சுற்றிப் பின்வாசல் வழியாக அவன் கூட்டுக்குள் நுழைந்தாள். மேல்தட்டில் ஒரு கிழட்டுப் புறாவின் காலிலும் வெள்ளை நகம்; அதைப் பார்த்து நிற்க அவளுக்கு நேரமில்லை. தகப்பன் புறா இறக்கையால் அவள் கன்னத்தில் ஒரு அறை விட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒருவரும் அடித்ததில்லை. திருப்பி அடித்தாள். மண்சட்டியை அப்படியே தூக்கினாள். உள்ளே மஞ்சள் பூமயிரும் முள்ளிறகுமாக, பாதி பொசுங்கிய துடைப்பம் போல ஒரு குஞ்சு.

அது தொலைந்தது கமீலுக்குத் தெரிய வழியில்லை. பந்தயத்தன்று புறா மிரளுமென்று புறாக்காரர்கள் கூட்டுக்குள் காலெடுத்து வைப்பதில்லை. முற்றத்தில் நாற்காலி போட்டு வானத்தைப் பார்ப்பதோடு சரி. புறா வந்தால் போதாது; அதன் காலில் பந்தயத்துக்கென்று மாட்டிய ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பந்தயக் கடிகாரத்துக்குள் போட்டுத் திருகினால்தான் வந்ததாகக் கணக்கு.

பூசை முடிந்து வந்தவனைச் சிடோனி வாசலில் மறித்தாள். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

"மத்தியானம் ஜெபமாலை. தலைமாட்டுல நீதான் முழங்கால் போடணும்."

கமீல் தொப்பியைக் கையில் எடுத்தான். அந்த ஊரில் செத்தவருக்கு முதல் கடன் பக்கத்து வீட்டுக்காரனுடையது. தலைமாட்டில் முழங்காலிடுவதும் அவன், பெட்டியின் தலைப்பக்கம் தூக்குவதும் அவன். வெட்டுக் குத்து விரோதம் இருந்தாலும் மறுத்தவனின் சாவுக்கு ஊர் எட்டிப் பார்க்காது.

"மதினி, சாயங்காலமா வெச்சுக்கிட்டா…"

"உன் பொட்டைக்குத் தோதா அவர ஒத்திப்போடச் சொல்றியா?"

"ஐயோ, அப்படி இல்ல மதினி." வானத்தைப் பார்த்தான். எதிர்க்காற்று. நாலு மணிக்கு முன்னால் எதுவும் வராது. "வர்றேன்."

வந்தான். கோடை வெயிலில் குளிர்கால மேலங்கி போட்டுக்கொண்டு வந்தான். அதற்குள்ளே கடிகாரம். தலைமாட்டில் அவன் முழங்காலிட்டதும் அறை முழுக்க டிக் டிக் என்று கேட்டது.

"அண்ணன் நெஞ்சு அடிக்குது மதினி!" என்று எல்விரா மயங்கப் பார்த்தாள்.

"அடிக்கும். நல்ல மனுஷன்" என்றாள் சிடோனி.

சவப்பெட்டியின் கால்மாட்டில், பூவேலைத் துணிக்கு அடியில், ஒடீலின் இரண்டு பாதங்களுக்கு நடுவே மண்சட்டி இருந்தது. ஆத்துமா போவதற்காக ஜன்னல் திறந்திருந்தது. சிடோனி ஜெபமாலையைத் தொடங்கினாள்.

பத்துப் பத்து மணியாக உருண்டு ஐந்து பத்துமணியும் முடிந்தன. புறா வரவில்லை. கமீல் ஒரு காலை ஊன்றி எழப்போனான்.

"ஆப்பிரிக்காவில இருக்கற குருக்களுக்காக" என்றாள் சிடோனி. கமீல் இறங்கினான். பிறகு ஆற்றில் செத்தவர்களுக்காக. பிறகு பீர்த் தொட்டியில் விழுந்து செத்த ஒடீலின் சித்தப்பாவுக்காக. அவர் மூன்று முறை மூத்திரம் போக வெளியே ஏறி வந்துவிட்டு மறுபடி விழுந்தவர் என்பதால் அவருக்கு மூன்று பத்துமணி. வந்திருந்தவர்களின் முழங்கால்கள் முறிந்தன. வெளியே மரக்கிளைகள் வளைந்த திசை மாறியிருந்ததைச் சிடோனி கவனித்தாள். காற்று தெற்கிலிருந்து, புறாக்கள் வரும் திசையிலிருந்து வீசியது. கமீலும் கவனித்தான். அவன் கழுத்தில் வியர்வை ஓடியது.

பசித்த குஞ்சு துணிக்கடியில் கீச்சென்றது. எல்லாரும் எல்விராவின் செருப்பைப் பார்த்தார்கள். எல்விரா செத்தவரைப் பார்த்தாள். கமீல் மட்டும் தலையைத் தூக்கினான். தன் குஞ்சின் குரல் தெரியாத புறாக்காரன் உண்டா? மெல்லத் திரும்பிச் சிடோனியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே மணியை உருட்டினாள்.

மேலே சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு கணம் அமைதி. காலியான கூடு. மறுபடி இறக்கை. குஞ்சு இன்னொரு தரம் கத்தியது. ஆத்துமா வெளியே போக விட்ட வழியில் வெள்ளைநகக்காரி உள்ளே வந்தாள்.

ஒடீலின் மார்பில் இறங்கினாள். மூச்சு வாங்கினாள். அலகைத் திறந்தபடியே வயிற்றின் மீது நடந்து, துணிக்கடியில் நுழைந்து, குஞ்சின் அலகைத் தன் வாய்க்குள் வாங்கிக்கொண்டு தொண்டை குலுங்கக் குலுங்கப் பாலூட்டத் தொடங்கினாள். காலில் ரப்பர் வளையம். கமீலின் கைக்கு அது மூன்று முழம்கூட இல்லை. பிரான்சிலிருந்து அப்படி ஒரு பறத்தலை அந்த ஊர் கண்டதில்லை. அப்போதும் காணவில்லை, எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

கமீலின் கை நீண்டது. சிடோனியின் குரல் உயர்ந்தது. இருபது கண்கள் திறந்தன. கை சிலுவை போட்டுக்கொண்டு திரும்பியது.

"மதினி" என்றான் உதட்டுக்குள், "அந்த வளையத்த மட்டும்…"

"அருள் நிறைந்த மரியே."

"நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு அந்த நாலு முட்டையையும் நான் விளக்குல வெச்சுப் பார்த்தேன் மதினி. ஆஸ்பத்திரியில இருந்து வர்ற மனுஷன் வெறும் சட்டியப் பார்த்தா…"

"சக்கரவர்த்தி முட்டைய நீ சோதிச்சியா?" என்று பல்லிடுக்கில் சீறினாள். உடனே உரக்க, "மன்னிக்கத் தெரியாதவங்களுக்காக ஒரு பத்துமணி!" என்றாள்.

கடிகாரம் அவன் மடியில் டிக் டிக் என்றது. அவன் கண்ணிலிருந்து நீர் இறங்கி ஒடீலின் தலையணையில் விழுந்தது. பின்னாலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். "பாத்தியா, என்ன இருந்தாலும் மனசு" என்றார்கள்.

மதுக்கடைப் பக்கமிருந்து பெருங்கூச்சல் எழுந்தது. எவனுடைய புறாவோ வந்து சேர்ந்து, எவன் கடிகாரமோ திருகியாகிவிட்டது.

"ஆமென்" என்றாள் சிடோனி.

கமீல் உடனே வளையத்தைப் பிடுங்கவில்லை. தாய் ஊட்டி முடிக்கும்வரை நின்றான். பிறகு சட்டியைத் தாயும் குஞ்சுமாக எடுத்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டான்.

"குஞ்சுக்குக் குளிர் பட்டுரும் மதினி. நாளைக்குக் காலைல வர்றேன். தலைப்பக்கம் நான்தான் தூக்கணும்."

மறு நாள் வந்து தூக்கினான். மதுக்கடையில் அந்த வாரமே ஒடீலின் படம் இறங்கியது. ஜெயித்தவன் ஆற்றுக்கு அக்கரைக்காரன், அவன் முகம் ஏறியது. சிடோனிக்கு அதனால் வருத்தமில்லை. கமீலின் முகம் இல்லையே. அந்த வாரம் முழுக்க அவளுக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு வருஷமாக இல்லாதபடி தூங்கினாள்.

சனிக்கிழமை, புறாக்களை விற்பதற்காகக் கூட்டைச் சுத்தம் செய்யப் போனாள். ஒடீல் படுத்ததிலிருந்து தீனி போடுவதைத் தவிர அங்கே ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. தனிக் கூண்டில் சக்கரவர்த்தி மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. துடைப்பத்தால் தட்டினாள். எழவில்லை. வயிற்றுக்கடியில் கையை விட்டாள். கை அங்கேயே நின்றுவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் கமீல் தன் புறாக்களை விசிலடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் கதகதப்பாக இருந்ததைச் சாளரத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு நூல் எதுவும் ஓடவில்லை. விசில் சத்தம் ஓயும்வரை அப்படியே நின்றாள்.

சக்கரவர்த்தி முட்டையிட்டிருந்தது.